கல்லூரித் திருப்பலியில் மாணவர் பணி: எமது நிலைப்பாடு

கோவையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பயிலும் கத்தோலிக்க மாணவ மாணவியர், கல்லூரிச் சிற்றாலயத் திருப்பலியில் வாசகராகவும், பாடற்குழுவினராகவும், பீடப் பணியாளராகவும் ஆற்றும் தொண்டு, ஆண்டுவிழா மேடையில் வாய்ப்புப் பங்கிடுவது போலப் பங்கிடப்பட்டு வருவதைக் கண்டு, எமது மாணவர் குழுவின் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாக அறிவிப்பது கடமையெனக் கருதுகிறோம். இப்பணி திருமுழுக்கினால் வந்த பொறுப்பு. எவரும் வழங்கும் சன்மானமன்று.

பீடப் பணியாளரும் வாசகரும் பாடகரும் செய்வது மெய்யான வழிபாட்டுப் பணியே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் திட்டமாக உரைத்தது. அதற்கு நூறாண்டுக்கு முன்பே, 1850-இல் உருவான கோவை மறைப்பகுதியின் முதல் தலைவரான மரியோன் பிரேசிலாக் ஆண்டகை, சுதேசக் குருக்களை உருவாக்கியே தீரவேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். அவர் கவலை குருக்களைப் பற்றியது. எனினும் அப்பிடிவாதத்தின் நியாயம் எமக்கும் பொருந்துவதாகவே தோன்றுகிறது.

நடைமுறையோ வேறு. குரல் கணீரென்று இருக்கும் ஒரு மாணவியிடம், பூசை தொடங்கக் கால்மணி நேரமிருக்கையில் நகலெடுத்த தாளொன்று நீட்டப்படுகிறது. அவளும் தெசலோனிக்கர் என்ற பெயரில் தடுக்கி, 'ஆண்டவரின் அருள்வாக்கு' என்று முடிக்கவும் மறந்து, தாளை மடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறாள். குற்றம் அவளுடையதன்று. தாராபுரம் பக்கத்து ஊர்ப் பங்கில் சிறு வயது முதல் பூசைக்கு உதவிய பையனோ, இங்கு வந்தபின் கேட்பாரின்றித் தூணோரம் நின்றுவிடுகிறான். ஆகவே, வாசகம் ஒரு வாரம் முன்னதாகவே கொடுக்கப்பட்டு, ஒலிவாங்கியின் முன் ஒருமுறையேனும் பழக்கப்பட்டு, தாளிலிருந்தன்றி வாசக நூலிலிருந்தே படிக்கப்படவேண்டுமென்றும், குரலும் ஆங்கிலமும் பாராமல் முறைவைத்துப் பணி அளிக்கப்படவேண்டுமென்றும் கோருகிறோம்.

வாசகர், பீடத்துணைவர் என்னும் நிலையான பணிகளையே 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களுக்கும் திறந்துவிட்ட பிறகு, மாணவியரைப் பூ அலங்காரத்தோடு நிறுத்திக்கொள்வதற்கு என்ன சமாதானம் சொல்வதென்று எமக்கு விளங்கவில்லை. கேரளத்திலிருந்து வரும் சீரோ மலபார் மாணவர்க்கென 2010 முதல் கோவை இராமநாதபுரத்தில் தனி மறைமாவட்டமே உண்டாயினும், இலத்தீன் முறைத் திருப்பலியில் அவர்களை விருந்தினராக வைத்திருப்பது முறையன்று.

பிற சமய நண்பர்கள் அன்பினால் கீபோர்டு வாசிக்க முன்வந்தால் மகிழ்ச்சியே. ஆனால் ஆள் போதவில்லையென்று அவர்களை வாசகம் படிக்க அழைப்பது, அவர்கள் நம்பிக்கைக்கும் எம் விசுவாசத்துக்கும் ஒருங்கே மரியாதைக் குறைவு.

பரீட்சைக்கு வேண்டிய 75 சதவீத வருகைக்கு ஈடாகவோ, நற்சான்றிதழுக்கு விலையாகவோ இப்பணி எண்ணப்படலாகாது. பூசைக்கு வராதவர் பெயரைக் குறித்து விடுதிக் காப்பாளரிடம் கொடுக்கும் வேலையை எம் பணியாளர் எவரும் இனி ஏற்கமாட்டார்.