குளிரோடு வந்து குளிரோடு போகும் வெல்லம்

மேற்கு வங்கத்துக்கு மாற்றலாகிச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் அங்குள்ள இனிப்புக் கடைகளில் முதலில் தேடுவது பெரும்பாலும் ரசகுல்லாவைத்தான். அதில் தவறேதும் இல்லை. வெள்ளை ரசகுல்லா ஆண்டு முழுவதும் கிடைக்கும். எந்த மாதத்திலும் ஏமாற்றாது. ஆனால் நவம்பர் இறுதியில் அதே கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் வெண்மை மெல்லக் குறைந்து, இளம்பழுப்பு நிறச் சந்தேஷும் ரசகுல்லாவும் இடம்பிடிக்கத் தொடங்கும். ‘நோலென் குர்’ எனப்படும் புது ஈச்ச வெல்லம் வந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிவிப்பு. ஏறத்தாழப் பிப்ரவரியோடு அது விடைபெற்றுவிடும். இந்த மூன்று மாத வெல்லத்தை ஆண்டு முழுவதும் விற்கும் ஆசை வணிகர்களுக்கும், வாங்கும் ஆசை நமக்கும் பெருகி வருகிறது. அந்த ஆசை வெல்லத்தைக் கெடுக்கிறது. அதைக் காய்ச்சுபவரின் பிழைப்பையும் கெடுக்கிறது என்பது என் கருத்து.

நம் பதநீர் கோடைக்கு உரியது. பனையின் பாளையைச் சீவி இறக்குவது. வங்காளத்து ஈச்ச மரத்தின் வழக்கமோ வேறு. அங்கே பாளையைத் தொடுவதில்லை. மரத்தின் தலைப்பகுதியில் ஒருபக்கத்து மட்டைகளைக் கழித்து, இளந்தண்டையே சீவுகிறார்கள். அதுவும் குளிர்காலத்தில் மட்டும். இதைச் செய்பவருக்கு ‘ஷியூலி’ என்று பெயர். மழை ஓய்ந்தபின் மட்டைகளைக் கழித்து, அந்த இடத்தைச் சில நாட்கள் காயவிடுவார். பிறகு சீவிய இடத்தில் மூங்கில் குழலைச் செருகி, மாலையில் மண்பானையைக் கட்டி, கதிரவன் எழுமுன் இறக்கிவிடுவார். வெயில் ஏறினால் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். இரவு எவ்வளவு குளிர்ந்து தெளிந்திருக்கிறதோ அவ்வளவு தெளிவாகச் சாறு இறங்கும். மேகமூட்டமான இரவின் சாறு கலங்கலாக இருக்கும்.

இதில் நான் மிகவும் வியப்பது மரத்துக்குத் தரப்படும் ஓய்வை. சில நாட்கள் சீவியபின் மரத்தைச் சில நாட்கள் சும்மா விட்டுவிடுகிறார்கள். அந்த ஓய்வுக்குப்பின் முதல் இரவில் இறங்கும் சாற்றுக்கு ‘ஜிரேன்’ என்ற அடைமொழி உண்டு. அதிலிருந்து காய்ச்சும் வெல்லமே உயர்ந்தது. அடுத்தடுத்த இரவுகளின் சாறு மணத்தில் ஒருபடி குறைந்துவிடும்.

சுமார் 8 முதல் 10 லிட்டர் சாற்றை அகன்ற பாத்திரத்தில் மணிக்கணக்கில் காய்ச்சினால் ஒரு கிலோ வெல்லம் கிடைக்கும். பாகாக இறக்கினால் ‘ஜோலா’. இன்னும் இறுக்கி அச்சில் வார்த்தால் ‘பாட்டாலி’. எந்த நொடியில் இறக்குவது என்பதை அடுப்பின் முன் அமர்ந்திருப்பவரின் கண்ணும் மூக்கும்தான் தீர்மானிக்கின்றன. 1973-இல் அமிதாப் பச்சனும் நூதனும் நடித்து வெளிவந்த ‘சௌதாகர்’ என்ற இந்திப் படத்தின் கதையே இதுதான். நரேந்திரநாத் மித்ராவின் வங்காளச் சிறுகதையிலிருந்து எடுக்கப்பட்ட படம் அது. வெல்ல வியாபாரி ஒருவன், தான் விரும்பும் இளம்பெண்ணை மணப்பதற்கான மஹர் தொகையைத் திரட்டுவதற்காக, வெல்லம் காய்ச்சுவதில் கைதேர்ந்த விதவை ஒருத்தியை மணக்கிறான். பணம் சேர்ந்ததும் அவளை விலக்கிவிடுகிறான். அடுத்த பருவத்தில் மரம் அதே, சாறும் அதே, சந்தையும் அதே. காய்ச்சும் கை மட்டும் வேறு. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக விலகிப்போகிறார்கள். வங்கி இதழில் வெல்லத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் அந்தப் படத்தை ஒருமுறை பார்க்கலாம்; முதலீடு எது என்று அறியாமல் தொழில் செய்த ஒருவனின் கதை அது.

இந்த வெல்லத்தின் திருநாள் பௌஷ் சங்கராந்தி. நாம் பொங்கல் வைக்கும் அதே நாட்களில்தான் வங்காள வீடுகளில் ‘பிட்டே’ செய்கிறார்கள். (இந்தச் சொல் காதில் விழும்போது நம் பிட்டு நினைவுக்கு வராமல் போகாது.) புது நெல்லின் மாவும் புது வெல்லமும் தேங்காயும் பாலும்தான் அடிப்படை. மெல்லிய தோசைபோல் வார்த்து, தேங்காய்ப் பூரணம் வைத்துச் சுருட்டுவது பாட்டிஷாப்டா. கொழுக்கட்டையைப் போலப் பிடித்து, வெல்லம் சேர்த்த பாலில் வேகவிடுவது துத் புலி. கோபிந்தோபோக் என்ற சிறுமணி அரிசியில் செய்யும் பாயேஷ், நம் பாயசத்தின் நெருங்கிய உறவு. பாலை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிட்டபின்பே வெல்லத்தைச் சேர்ப்பார்கள். கொதிக்கும்போது சேர்த்தால் பால் திரிந்துவிடும்.

தெற்கு 24 பர்கானா மாவட்டத்து ஜெயநகரில் செய்யும் மோவாவுக்கு 2015-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கனக்சூர் என்னும் மணமுள்ள நெல்லின் பொரியை ஈச்ச வெல்லத்திலும் நெய்யிலும் உருட்டிச் செய்யும் உருண்டை அது. புது நெல்லும் புது வெல்லமும் ஒரே வேளையில் கிடைக்கும் சில வாரங்களில்தான் உண்மையான மோவா உருவாக முடியும். ஆயினும் ஜெயநகரின் பெயர் அச்சிட்ட பெட்டிகளில் எங்கெங்கோ உருட்டிய மோவாக்கள், குளிர் தொடங்குவதற்கு முன்பே கடைகளுக்கு வந்துவிடுகின்றன. அவற்றில் இருப்பது சீனிப்பாகும் செயற்கை மணமும். வாங்குபவர் கேட்கிறார், விற்பவர் தருகிறார். குறை யாருடையது என்று பிரிப்பது கடினம்.

இதில் இழப்பவர் ஷியூலிதான். மரங்கள் பெரும்பாலும் அவருக்குச் சொந்தமில்லை. பருவத்துக்கு வாடகை கொடுத்து ஏறுகிறார். விறகுச் செலவும் அவருடையதே. சாற்றில் சீனியைக் கொட்டினால் குறைந்த நேரத்தில் அதிக வெல்லம் கிடைக்கும். அப்படிச் செய்பவருடைய வெல்லத்தின் விலையோடுதான் இவர் போட்டியிட வேண்டியிருக்கிறது. கட்டுப்படியாகாதபோது பிள்ளைகள் வேறு வேலை தேடி ஊரைவிட்டுப் போகிறார்கள். மரங்கள் செங்கல் சூளைக்கு விறகாகின்றன. ஆகவே நல்ல பாட்டாலிக்குக் கூடுதல் விலை சொன்னால் அது பேராசை என்று எடுத்த எடுப்பில் நினைத்துவிட வேண்டாம். சீனியைவிடச் சற்றே கூடிய விலைக்கு விற்கும் ‘அசல்’ வெல்லத்தின்மீதுதான் ஐயம் எழ வேண்டும்.

தூய பாகை அடைத்துப் பாதுகாத்து, பருவம் கடந்தும் சில காலம் விற்பதை நான் எதிர்க்கவில்லை. அது ஷியூலிக்கு வருவாயைத் தரும்; வெளியூரில் இருப்போருக்கும் வசதி. ஆண்டு முழுவதும் ‘நோலென்’ என்ற பெயரைச் சுமக்கும் பனிக்கூழும் கேக்கும் வேறு வகை. அவற்றில் பல, மரத்தைக் கண்டே இராதவை.

ஜனவரியில் கொல்கத்தா செல்லும் வாய்ப்புள்ளவர்கள் பாட்டாலியை விரலால் அழுத்திப் பார்க்கலாம். நல்லதாயின் எளிதில் உடையும். கல்போல் இறுகிப் படிகமாக மின்னினால் சீனி சேர்ந்திருக்கக்கூடும். அதிகாலையில் பச்சைச் சாற்றைக் குடிக்கச் சொல்லி அன்போடு நீட்டுவார்கள், பணிவாக மறுத்துவிடுங்கள். இரவில் பானையை நாடிவரும் பழந்தின்னி வௌவால்கள் வழியே நிபா நோய் பரவுவது அண்டை நாடான வங்கதேசத்தில் உறுதியாகியுள்ளது. காய்ச்சிய வெல்லத்துக்கு அந்த அச்சம் இல்லை. மார்ச் இறுதியில் போய்க் கேட்கும்போது “முடிந்துவிட்டது, இனிக் குளிர் வரட்டும்” என்று கையை விரிக்கும் கடைக்காரர் எவரேனும் இருந்தால், அந்தக் கடையின் முகவரியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.