கொழும்பில் தரித்த நீர்மூழ்கியும் சொல்லாமல் கடக்கும் நீர்மூழ்கியும்

2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட்டில் மலையக மக்கள் முன் உரையாற்றிவிட்டு, கண்டி தலதா மாளிகைக்கு வந்தார். கண்டியில் எல்லோரும் அவர் அறிவித்த வீட்டுத் திட்டத்தைப் பற்றியே பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதே நாட்களில் வெளியான இன்னொரு செய்தி. சீன நீர்மூழ்கியொன்று கொழும்பில் தரிக்க விடுத்த கோரிக்கையை இலங்கை நிராகரித்திருந்தது.

அதன் பின்னணி 2014. அவ்வாண்டு செப்டெம்பரிலும் ஒக்டோபர் இறுதியிலும் சீன நீர்மூழ்கி கொழும்புக்கு வந்தபோது புதுடில்லி கொதித்தது. ஆனால் வந்தது டீசலில் இயங்கும் கப்பல். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2013 டிசெம்பர் முதல் 2014 பெப்ரவரி வரை, சீனாவின் அணுசக்தி நீர்மூழ்கியொன்று இந்து சமுத்திரத்தில் உலாவித் திரும்பியது. அப்போது இங்கே பெரிய சர்ச்சை எதுவும் எழவில்லை.

வேறுபாடு உலையில் இருக்கிறது. டீசல் எரியக் காற்று வேண்டும். பற்றரியை மீண்டும் ஏற்ற அந்தக் கப்பல் அடிக்கடி நீர்மட்டத்தை அண்மிக்க வேண்டும், அப்போது அகப்படலாம். அணு உலைக்குக் காற்று தேவையில்லை. யுரேனியம் பிளவுறும் வெப்பத்தில் உருவாகும் நீராவி சுழலியைச் சுழற்றுகிறது. விக்டோரியாவில் மகாவலி நீர் செய்யும் வேலையை அங்கே நீராவி செய்கிறது. ஒருமுறை இட்ட எரிபொருள் ஆண்டுக்கணக்கில் போதும். மாலுமிகளின் உணவு தீரும்வரை மூழ்கியே இருக்கலாம். அதற்கு எங்கள் துறைமுகம் தேவையே இல்லை.

இந்தியாவும் அதே வழியில்தான் போகிறது. கல்பாக்கத்தில் கரையில் சோதிக்கப்பட்ட உலையின் வழிவந்ததே 'அரிஹந்த்' நீர்மூழ்கியின் உலை. அக்கப்பல் விசாகப்பட்டினத்தில் நீரில் இறக்கப்பட்டது 2009 ஜூலை 26இல், முள்ளிவாய்க்கால் முடிந்து பத்தே வாரங்களில். இரண்டாவதான 'அரிகாட்' 2024 ஓகஸ்டில் கடற்படையில் சேர்ந்தது. இரண்டும் அணுவாயுத ஏவுகணை தாங்கக்கூடியவை. விசாகப்பட்டினத்துக்கு முன்னுள்ள அதே வங்காள விரிகுடாதான் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் முன்னால் கிடக்கிறது.

கண்டியைத் தொட்டு ஓடும் மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. அங்கே கரைக்கு அருகிலேயே ஆழ்கடற் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. திருகோணமலையை வல்லரசுகள் விரும்புவதற்கு அந்த ஆழமும் ஒரு காரணம்.

ஐ.நா. கடற்சட்டப்படி 12 கடல் மைலுக்குள் கடந்து செல்லும் அந்நிய நீர்மூழ்கி மேலெழுந்து கொடி காட்ட வேண்டும். அணுசக்திக் கப்பல்கள் விசேட முன்னெச்சரிக்கைகளையும் எடுக்க வேண்டும். அதற்கு அப்பால் அவை மூழ்கியபடியே போகலாம். வாழைச்சேனையின் பலநாள் படகுகள் தொழிலுக்குப் போவதும் அதற்கு அப்பால்தான். 1971இல் இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக்கும் ஐ.நா. பிரகடனத்துக்கு முன்னின்ற நாடு, இன்று துறைமுகத்துக்கு வருபவரை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறது.

நாளையே விபத்து நடக்கும் என்று நான் பயமுறுத்தவில்லை. 2000 ஓகஸ்டில் ரஷ்யாவின் 'குர்ஸ்க்' மூழ்கி 118 பேர் இறந்தபோது உலைகள் நின்றுவிட்டன, கடலில் பாரிய கதிரியக்கக் கசிவு ஏற்படவில்லை. ஆனால் மாலுமிகளின் குடும்பங்களுக்கு உண்மை தாமதமாகவும் திரித்துமே சொல்லப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களோடு வீதியோரம் அமர்ந்திருக்கும் எங்கள் தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே சீனாவா இந்தியாவா என்பதோடு எங்கள் கேள்வி முடியக்கூடாது. இலங்கையில் 2014ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டமும் அதன்கீழ் ஓர் ஒழுங்குறுத்தல் சபையும் இருக்கின்றன. கடலில் அணுக் கப்பலொன்று விபத்துக்குள்ளானால் யார், எப்போது, எந்த மொழியில் மீனவருக்கு அறிவிப்பார்கள்? வடக்கு கிழக்கின் கடற்றொழிலாளர் சங்கங்களும் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதற்கான பதிலை எழுத்தில், தமிழில் கேட்டு வாங்க வேண்டும்.