விலை கேட்பது வெட்கமல்ல

வன்னியில் இன்று மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருளல்ல. காலையில் பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோவதும், வயலுக்கு உரமூட்டை ஏற்றுவதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவதும், நடுச்சாமத்தில் காய்ச்சல்காரரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் அந்த ஒரே வண்டிதான். பஸ் ஒழுங்காக வராத உள்வீதிகளில் வண்டி நின்றால் குடும்பத்தின் வருமானமும் நின்றுவிடுகிறது. ஆகவே உதிரிப்பாகம் வாங்குவதைச் சில்லறை விடயமென்று நாம் தள்ளிவிட முடியாது.

நெல் விற்கும்போது கிலோவுக்கு ஒரு ரூபா குறைந்தாலும் வியாபாரியுடன் வாதாடுபவர் எமது விவசாயி. அதே விவசாயி கராஜில் நின்று ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாவை ஒரு கேள்வியும் கேட்காமல் எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார். ஏன் இந்த வேறுபாடு?

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் பற்றரியும் தாண்டிக்குளத்தைத் தாண்டி வருவது குதிரைக் கொம்பாக இருந்தது. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய மக்கள் நாம். பழைய வண்டிகளைக் கழற்றியே வேறு வண்டிகளுக்கு உயிர் கொடுத்தோம். அப்போது கேட்கப்பட்ட கேள்வி "சாமான் இருக்கிறதா?" என்பதே, "என்ன விலை?" என்பதல்ல. 2002இல் தடைகள் தளர்ந்து ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை உருட்டிக்கொண்டு போன வண்டிகளை அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு செட்டிகுளம் முகாம்களுக்குப் போனோம். ஊர் திரும்பிய பின்னர் கடனுக்கும் லீசிங்குக்கும் வண்டி வாங்கினோம்.

பின்னர் 2022 வந்தது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதிச் சாமான்கள் அனைத்தும் விலையேறின. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் புதிய வண்டிக்கு வழியில்லாமல் பழைய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓடினோம். இப்படி முப்பது வருடங்களுக்கு மேலாக "கிடைத்ததே பெரிது" என்ற மனநிலை எமக்குள் ஊறிவிட்டது. தட்டுப்பாடு நீங்கிவிட்டது, கேளாமல் வாங்கும் பழக்கம் நீங்கவில்லை. இதுவே எமது கவலை.

வியாபாரிகள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களில் பலர் எம்மோடு இடம்பெயர்ந்து, எம்மோடு திரும்பி, கடனில் கடை போட்டவர்கள். விலை விசாரிப்பது அவர்களை அவமதிப்பதாகாது. நேர்மையான கடைக்காரருக்கு அது நன்மையே; விசாரிக்கும் வாடிக்கையாளரே நியாய விலைக்கு விற்பவரைத் தேடிக் கண்டுபிடிப்பார். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று எம்முன்னோர் சொன்னது வெறும் பேச்சுக்கல்ல.

கொட்டேசன் என்று வழக்கில் சொல்லப்படும் விலைக்கூற்றை ஆகக் குறைந்தது மூன்று கடைகளிடம் கேட்க வேண்டும். முல்லைத்தீவில் இருப்பவர் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் அலையத் தேவையில்லை. முந்நூறு ரூபா மிச்சம் பிடிக்க ஐந்நூறு ரூபா பஸ்ஸுக்குக் கொடுத்து ஒரு நாட்கூலியையும் இழப்பது கெட்டித்தனமல்ல. தொலைபேசியில் கேட்கலாம், பழைய பாகத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பதில் எழுத்தில் வரட்டும். வாய்ச்சொல் விலை கடைக்குப் போகும்போது மாறிவிடக்கூடும்.

மூன்று கடைகளிடமும் ஒரே பொருளுக்குத்தான் விலை கேட்கிறோமா என்பது முக்கியம். வண்டியின் மொடல், உற்பத்தி ஆண்டு, பழைய பாகத்தில் பொறித்துள்ள இலக்கம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். செயினை எடுத்துக்கொள்வோம். செயினும் முன், பின் ஸ்புறக்கற் இரண்டும் ஒன்றாகவே தேய்பவை. தேய்ந்த பல்லுச் சக்கரத்தில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் விரைவில் தேய்ந்துவிடும். ஒரு கடை செயினுக்கு மட்டும் விலை சொல்ல, மற்றக் கடை மூன்றும் சேர்ந்த செற்றுக்கு விலை சொன்னால் முதற்கடை மலிவாகத்தான் தெரியும். அது மலிவல்ல, பாதிச் சாமான்.

பியறிங்கில் வேறொரு பாடம் உண்டு. 6202 என்று பொறித்த பியறிங்கின் உள்விட்டம் 15 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 35, அகலம் 11. எந்தக் கம்பனி செய்தாலும் அளவு இதுவே. ஆகவே வண்டிக் கம்பனியின் பெட்டியில் வருவதற்காகப் பல மடங்கு கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்கலாம்; பெயர் பெற்ற பியறிங் கம்பனியின் சாமானே போதுமானதாக இருக்கலாம். ரயர் வாங்கும்போது அதன் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3522 என்றிருந்தால் அது 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. வருடக்கணக்காகக் கடையில் கிடந்து காய்ந்த ரயருக்குப் புது ரயரின் விலை கொடுப்பானேன்? பற்றரிக்கு வோல்ற், அம்பியர் அளவுகளோடு உத்தரவாதம் எத்தனை மாதம், அது எழுத்தில் உண்டா என்றும் கேட்க வேண்டும். வற் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். அது சொன்ன விலைக்குள் அடங்குமா, பின்னர் சேர்க்கப்படுமா என்பதையும் முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்த வரிக்குப் பதிவு செய்யாத கடை அதை அறவிட முடியாது.

ஆகக் குறைந்த விலைதான் நல்ல விலை என்றும் நாம் சொல்லவில்லை. உதாரணத்துக்கு, 600 ரூபா பிறேக் சூ நான்கு மாதம் நின்றால் மாதத்துக்கு 150 ரூபா. 1,100 ரூபாச் சாமான் பன்னிரண்டு மாதம் நின்றால் மாதத்துக்கு 92 ரூபாவளவுதான். அதற்கும் மேலாக, மழைக்காலச் செம்மண் வீதியில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியின் பிறேக்கில் மலிவைத் தேடுவது எந்தக் கணக்கிலும் சரிவராது. கண்ணாடிக்கும் மட்கார்டுக்கும் மலிவானதைப் போடுங்கள். பிறேக், ரயர், செயின் மூன்றிலும் தரத்தைப் பாருங்கள்.

மெக்கானிக்மாரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல கராஜ்களில் கூலி மிகக் குறைவாகச் சொல்லப்பட்டு, மிச்சம் சாமானின் விலைக்குள் மறைகிறது. இதற்கு நாமும் பொறுப்பாளிகள். கைவேலைக்கு உரிய கூலியைக் கொடுக்க மனமில்லாதபோது அவர் வேறு வழியில் எடுத்துக்கொள்கிறார். கூலி வேறு, சாமான் விலை வேறு என்று பிரித்து எழுதித் தரும்படி கேட்போம்; கூலியைப் பேரம் பேசிக் குறைக்காமல் கொடுப்போம். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்வோம். உண்மையில் மாற்றப்பட்டதா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்களுக்கு இது இன்னும் அவசியம். ஸ்கூட்டர் ஓடும் பெண்கள் எமது கிராமங்களில் பெருகியிருக்கிறார்கள். பெல்ற், றோலர் என்று பெயர்களை அடுக்கினால் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று எண்ணுவோரும் உண்டு. எழுத்திலுள்ள விலைக்கூற்று அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கவசம். வண்டியைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூன்று தாள்களை அருகருகே வைத்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

சங்கங்களுக்கும் இது பொருந்தும். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ பொதுப்பணத்தில் வண்டி திருத்தும்போது கோப்பில் மூன்று விலைக்கூற்றுகள் இருந்துவிட்டால் போதாது. மூன்றும் ஒரே கையெழுத்தில், ஒரே முதலாளியிடமிருந்து வந்தவையாக இருக்கக்கூடாது. அவற்றை அங்கத்தவர் முன்னிலையில் திறந்து வாசித்து, எதை, ஏன் தெரிந்தோம் என்று கூட்ட அறிக்கையில் எழுத வேண்டும். கூடிய விலைக்கூற்றைத் தெரிவதில் தவறில்லை. காரணத்தை மறைப்பதுதான் தவறு. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒயிலும் ரியூப்பும் பிறேக் சூவும் மொத்தமாகக் கேட்டால் கடைக்காரரும் விலை குறைத்துத் தர வாய்ப்புண்டு.

சட்டமும் எமது பக்கம் நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி கடைக்காரர் விலையைக் காட்சிப்படுத்த வேண்டும். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். முறைப்பாடு செய்ய 1977 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. ஆனால் பற்றுச்சீட்டு இல்லாதவரின் முறைப்பாடு பலமிழந்துவிடும். அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது எமது கடமை.

எல்லாவற்றையும் இழந்து வெறுங்கையோடு தொடங்கிய குடும்பங்களின் கையில் இன்று சேர்ந்திருக்கும் ஒவ்வொரு ரூபாவும் வெயிலில் உழைத்த ரூபா. அது எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை அதை உழைத்தவருக்கு உண்டு. அடுத்த தடவை வண்டி கராஜுக்குப் போகும்போது, காசை எண்ணுவதற்கு முன்னர் ஒரு தாளையும் பேனாவையும் எடுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.