தலைவரை மாற்றினால் கோல் விழுமா?

தொழில்முறைக் கால்பந்துக் கோஷ்டி ஒன்று வரிசையாக ஆறு ஆட்டம் தோற்றுவிட்டால் என்ன நடக்கும் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. கிளப்பின் டைரக்டர்கள் கூடுவார்கள். தலைமைப் பயிற்சியாளருக்குச் சீட்டுக் கிழியும். புதியவர் வருவார். கிளப்பின் துண்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார். இரண்டு ஆட்டம் ஜெயிக்கும். அப்புறம் பழைய குருடி, கதவைத் திறடி!

தலைவருக்குப் பக்கத்தில் நிற்பவர் யார், அவருக்கு என்ன வேலை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ரசிகர்கள் பெயர்கூட அறியாத அந்த உதவிப் பயிற்சியாளரிடம்தான் பல சமயம் நோய்க்கு மருந்து இருக்கிறது. தோற்கும் கோஷ்டி முதலில் மாற்றிப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். இதற்கு இங்கிலாந்தில் பலமான சாட்சி உண்டு.

நாலே வருஷம்

நாட்டிங்ஹாம் பாரஸ்ட் கிளப் 1975 ஜனவரியில் பிரையன் கிளஃப் என்பவரை மானேஜராக அமர்த்தியது. (தலைமைப் பயிற்சியாளரை அங்கே மானேஜர் என்பது வழக்கம்.) கிளஃப் லேசுப்பட்ட ஆள் அல்ல. டார்பி கவுண்டி கோஷ்டியை 1972-ல் இங்கிலாந்தின் சாம்பியனாக்கியவர். திறமையும் வாய்த்துடுக்கும் கூடப் பிறந்தவை. அப்பேர்ப்பட்டவர் வந்தும் என்ன ஆயிற்று? இரண்டாவது டிவிஷனில் அந்த வருஷம் 16-வது இடம். அடுத்த வருஷம் 8-வது இடம். பெயர் மட்டும் கோல் போடுமா?

1976 ஜூலையில் பீட்டர் டெய்லர் உதவியாளராக வந்து சேர்ந்தார்.

1977-ல் கோஷ்டி மூன்றாவதாக வந்து முதல் டிவிஷனுக்கு ஏறியது. 1978-ல் இங்கிலாந்தின் சாம்பியன். 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை. மானேஜர் அதே மானேஜர். மைதானம் அதே மைதானம்.

டெய்லர் மந்திரம் ஒன்றும் போடவில்லை. ஆளைப் பார்த்தார். அவ்வளவுதான். ஆனால் அதை அவரைப் போலப் பார்த்தவர்கள் குறைவு.

ஜான் ராபர்ட்ஸன் என்ற ஆட்டக்காரர் அப்போது பாரஸ்ட் கிளப்பில் இருந்தார். உடம்பு பெருத்தவர், சிகரெட் பிடிப்பவர், ஓடச் சோம்பல்படுபவர் என்று பெயர். விற்றுவிடலாம் என்று கிளப் வைத்திருந்த சரக்கு. டெய்லர் வந்ததும் அவரைத் தனியே அழைத்தார். சாப்பாட்டையும் பழக்கத்தையும் பற்றி முகத்துக்கு நேரே கடுமையாகச் சொன்னார். "உன்னிடம் சரக்கு இருக்கிறது" என்பதையும் சேர்த்துச் சொன்னார். 1976 டிசம்பரிலிருந்து 1980 டிசம்பர் வரை அதே ராபர்ட்ஸன் இடைவிடாமல் 243 ஆட்டம் ஆடினார். 1979 இறுதி ஆட்டத்தில் ஒரே கோலுக்குப் பந்து கொடுத்தவர் அவர். 1980 இறுதி ஆட்டத்தில் ஒரே கோலை அடித்தவரும் அவரே.

கென்னி பர்ன்ஸ் கதை இன்னும் ருசியானது. பர்மிங்ஹாமில் முன்வரிசையில் நின்று கோல் அடித்துக்கொண்டிருந்த முரடர். அவரை வாங்க கிளஃப் தயங்கினார். டெய்லர் விடவில்லை. அந்த ஆள் பொழுதுபோக்கப் போகும் நாய்ப் பந்தய மைதானத்துக்கே ரகசியமாகப் போய் அவரைக் கவனித்தார். சொல்கிற அளவுக்கு மோசமில்லை என்று தீர்மானித்த பிறகே 1977-ல் வாங்கச் செய்தார். வாங்கியவரை முன்வரிசையில் நிறுத்தாமல் தற்காப்பில் நிறுத்தினார்கள். 1978-ல் இங்கிலாந்தின் பத்திரிகை எழுத்தாளர்கள் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தது அந்த முரடரைத்தான்! அந்த ஸீஸனில் பாரஸ்ட் 42 லீக் ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 24.

இந்த வேலையை மானேஜரே செய்யக் கூடாதா என்று கேட்கலாம். நேரம் எங்கே? அடுத்த ஆட்டம், பத்திரிகைக்காரர், டைரக்டர், காயம்பட்ட கால், கோபித்துக்கொண்ட நட்சத்திரம் என்று அவர் பொழுது போய்விடுகிறது. தினமும் பார்க்கும் முகத்தில் வந்த மாறுதல் வீட்டாருக்குத் தெரியாது, விருந்தாளிக்குத் தெரியும். புது உதவியாளர் அந்த விருந்தாளி.

ஒன்றை மறைக்கக் கூடாது. டெய்லர் கிளஃபுக்குப் புதியவர் அல்ல. மிடில்ஸ்பரோ கோஷ்டியில் ஒருவர் கோல் அடிப்பவர், ஒருவர் கோல் காவலர். 1965-ல் ஹார்ட்டில்பூல்ஸ் என்ற ஏழைக் கிளப்பில் இருவரும் சேர்ந்து தொடங்கினார்கள். உதவி மானேஜர் என்ற பதவியே அன்று பழக்கத்தில் இல்லாததால், காயம்பட்டவருக்கு வாளியும் ஸ்பாஞ்சுமாக ஓடும் டிரெய்னர் என்ற பெயரில்தான் டெய்லர் இருந்தார். நண்பர்தான். ஆனால் கிளஃபிடம் "இது தப்பு" என்று சொல்லக்கூடிய நண்பர். பெரியாரைத் துணைக்கோடல் என்று வள்ளுவர் ஒரு அதிகாரமே வைத்தது சும்மாவா?

1974-ல் டெய்லர் பிரைட்டனில் தங்கிவிட, கிளஃப் தனியாக லீட்ஸ் கிளப்புக்குப் போனார். அப்போது அதுதான் நாட்டின் சாம்பியன். 44 நாளில் வெளியேற்றிவிட்டார்கள். லீட்ஸ் ஆட்டக்காரர்களை கிளஃப் முன்பே கண்டபடி ஏசியிருந்தார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் அந்த 44 நாளும் கோபத்தைத் தணிக்கப் பக்கத்தில் டெய்லர் இல்லை.

மூலையில் இருந்த புதையல்

அது பழைய காலம் என்று தள்ளுகிறவர்களுக்கு லண்டன் ஆர்சனல் இருக்கிறது.

2019-20, 2020-21 ஆகிய இரண்டு ஸீஸன்களிலும் ஆர்சனல் 8-வது இடத்தில் முடித்தது. அந்தக் கிளப்பின் பெருமைக்கு அது பெரிய சறுக்கல். தலைமைப் பயிற்சியாளர் மிக்கேல் ஆர்ட்டேட்டாவை விரட்டு என்ற கூச்சல் கிளம்பிற்று. கிளப் விரட்டவில்லை. 2021-ல் நிக்கொலா ஜோவர் என்ற பிரெஞ்சுக்காரரை அவருக்குத் துணையாகக் கொண்டு வந்தது.

ஜோவருக்கு ஒரே வேலை. கார்னர் கிக், ப்ரீ கிக் போன்ற நின்ற பந்து. கால்பந்தில் மற்ற நேரமெல்லாம் ஒரே அமளி. பந்து நிற்கும்போது மட்டும் யார் எங்கே நிற்பது, யார் யாரை மறிப்பது, எந்தக் கணத்தில் ஓடுவது என்று நாடக ஒத்திகை போலப் பழகிவைக்கலாம். கோல் காவலர் முன்னே வர வழியில்லாமல் ஒருவர் நிற்பார். தூரத்துக் கம்பத்துப் பக்கமிருந்து நாலைந்து பேர் பாய்வார்கள். பந்து சரியாக அங்கே விழும்.

2023-24 ஸீஸனில் கார்னரிலிருந்து மட்டும் ஆர்சனல் அடித்த லீக் கோல்கள் 16. 2024 டிசம்பர் 4-ந் தேதி மாஞ்செஸ்டர் யுனைடெட்டை 2-0 என்று வென்றபோது இரண்டுமே கார்னரில் பிறந்தவை. 2023, 2024, 2025 மூன்று வருஷமும் கிளப்புக்கு இரண்டாம் இடம். பணம் கொட்டி நல்ல ஆட்டக்காரர்களை வாங்கியதும் இதற்குக் காரணம்தான். ஆனால் அந்த 16 கோலை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.

லிவர்பூல் கிளப் 2018-ல், பந்தைக் கையால் உள்ளே எறிவதற்கென்றே டென்மார்க்கிலிருந்து தாமஸ் கிரோன்னமார்க் என்ற பயிற்சியாளரை வரவழைத்தது. கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. 2019-ல் ஐரோப்பியச் சாம்பியன், 2020-ல் லீக் சாம்பியன் என்று வந்ததும் சிரிப்பு அடங்கியது.

அழைக்குமுன் செய்ய வேண்டியது

ஆகவே தோற்கும் கிளப்பின் டைரக்டர்கள் கையில் பேனாவை எடுக்குமுன் கோல் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். கார்னரில் போகிறதா? கடைசிக் கால் மணியில் மூச்சு வாங்கிப் போகிறதா? இளைஞர்களைத் தப்பான இடத்தில் நிறுத்தியதால் போகிறதா? ஓட்டை தெரிந்த பிறகுதான் அதை அடைக்கத் தெரிந்த ஆளைத் தேட முடியும். "பொதுவாக உதவி செய்ய ஒருவர்" என்று கொண்டுவந்தால் அவர் பந்து பொறுக்கிப் போடத்தான் உதவுவார்.

வருகிறவர் தலைவரின் சம்மதத்தோடு வர வேண்டும். டைரக்டர்கள் தலையில் கட்டினால், நாளைக்குத் தன் நாற்காலியைப் பிடிக்க வந்தவன் என்றே தலைவர் அவரைப் பார்ப்பார். அந்தச் சந்தேகம் முழுவதும் வீணும் அல்ல. ஆர்ட்டேட்டாவே 2016 முதல் 2019 வரை மாஞ்செஸ்டர் சிட்டியில் உதவியாளராக இருந்தவர்தானே! அதேபோல, தலைவர் தனக்குத் தலையாட்டும் பழைய கூட்டாளிகளையே வரிசையாக அழைத்து வந்தால், சம்பளம் கொடுக்கும் கிளப் அதைக் கேட்க வேண்டும். ஒத்திகை ஆட்டத்தில் பலிக்கப் பல மாதம் ஆகும். அந்த அவகாசத்தையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

டெய்லர் 1982-ல் பாரஸ்டை விட்டு விலகினார். பிறகு டார்பியின் மானேஜரானார். 1983-ல் அதே ஜான் ராபர்ட்ஸனை டார்பிக்கு அவர் வாங்கியதில் மூண்ட சண்டைக்குப் பின் இருவருக்கும் பேச்சு நின்றது. 1990-ல் டெய்லர் இறக்கும்வரை சமாதானம் ஆகவில்லை. கிளஃப் தனியே 1989-லும் 1990-லும் லீக் கப்பை ஜெயித்தார். லீக் சாம்பியன் பட்டமும் ஐரோப்பியக் கோப்பையும் மறுபடி கைக்கு வரவில்லை. 1993-ல் பாரஸ்ட் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அந்த வருஷமே அவரும் ஓய்வு பெற்றார். 2010-ல் டார்பி மைதானத்தின் வாசலில் சிலை வைத்தவர்கள் கிளஃபைத் தனியாக நிறுத்தவில்லை. பக்கத்தில் டெய்லரும் நிற்கிறார்.