பேரீச்சந்தோப்பில் என் பேர்க்காரி

"உம்மா, இதுல உங்க பேர் இருக்கு" என்று 'ரசவாதி'யை நீட்டினாள் மகள். பிரேசில்காரரான பாவ்லோ கொயலோ 1988-இல் எழுதிய நாவல். ஸ்பெயினில் ஆடு மேய்க்கும் சாந்தியாகோ, பிரமிடுகளுக்கு அருகே புதையல் இருப்பதாகக் கனவு கண்டு கிளம்புகிறான். வழியில், அல் ஃபாயூம் பாலைவனச் சோலையில், தண்ணீர் எடுக்க வந்த பாத்திமாவைப் பார்த்ததும் இதைவிடப் பெரிய புதையல் இல்லை என்று நினைத்துவிடுகிறான். மறுநாளே கல்யாணம் கேட்கிறான். ஆன்மிகத் தேடல் கதைகளில் சந்தோஷத்துக்கு எப்போதும் ஒரு பெண்முகம் வேண்டியிருக்கிறது.

பாத்திமா அவனைப் போகச் சொல்கிறாள். பாலைவனத்துப் பெண்களுக்குக் காத்திருக்கத் தெரியுமாம். மகள் அங்கே பென்சிலால் கோடு போட்டிருந்தாள். எனக்கு அங்கேதான் புத்தகத்தை மூடத் தோன்றியது.

பிள்ளைகளின் வாப்பா தம்மாமில் 11 வருஷம் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. எங்கள் கடற்கரை ஊர்களில் இப்படி வெளிநாடு போவதற்குப் பெயர் சபர். எனக்குத் தெரிந்த காத்திருப்பு என்பது கேஸ் புக் செய்வது, மாமியாரைச் சுகர் டெஸ்டுக்கு அழைத்துப்போவது, ஸ்கூல் ஃபீஸுக்கு வளையலை அடகு வைப்பது, வெள்ளிக்கிழமை போன் வந்ததும் "எல்லாம் நல்லாயிருக்கு" என்று பொய் சொல்வது. நாவலின் பாத்திமா ஒரு பொய்கூடச் சொல்வதில்லை.

அந்தக் கதையில் ஆளுக்கொரு கனவு உண்டு. தஞ்ஜியரில் கண்ணாடிப் பாத்திரக் கடை வைத்திருப்பவருக்குக்கூட மக்கா போகும் ஆசை. போய்வந்துவிட்டால் பிறகு எதற்காக வாழ்வது என்று பயந்து போகாமலே இருக்கிறார். அந்த மனுஷரை எனக்கு ரொம்பப் பிடித்தது. கூட வரும் ஆங்கிலேயருக்கு ரசவாதப் பித்து. பாத்திமாவுக்கோ சாந்தியாகோதான் கனவு. அவளுக்கென்று வேறொன்றும் கிடையாது.

போகிறவனைத் தடுக்காததில் ஒரு கௌரவம் இருக்கிறது, மறுக்கவில்லை. நானும் ஏர்போர்ட்டில் அழாமல்தான் அனுப்பிவைத்தேன். ஆனால் அடுத்த மாசமே தையல் வகுப்பில் சேர்ந்தேன். அவர் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, கூடத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த என் மிஷினை எங்கே நகர்த்தலாம் என்று கேட்டார். நகர்த்த விடவில்லை.

சோலையில் 300 கிணறுகள், 50,000 பேரீச்ச மரங்கள் என்று கணக்குச் சொல்கிறது நாவல். அத்தனையையும் எண்ணிய கொயலோ, குடத்தை இறக்கிவைத்த பிறகு பாத்திமா மிச்சப் பொழுதில் என்ன செய்தாள் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கலாம்.