கல்யாணப் படங்களின் பட்டியலை நாமே எழுதுவோம்

முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர் ஸ்டுடியோக்காரர்கள் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். பெண் அழைப்பு, தாலி கட்டு, ஆல்பத்துக்கு ஜோடிப் படம், வயல் நடுவே ட்ரோன் காட்சி. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நம் வீட்டுத் திருமணங்களுக்கு, குறிப்பாகச் சாதி மறுப்புத் திருமணங்களுக்கு, அந்தப் பட்டியல் போதாது. எந்தப் படம் கட்டாயம் வேண்டும், அது யார் கைக்குப் போக வேண்டும் என்பதை நாம்தான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

பண்ணையாள் காலத்தில் கல்யாணச் செலவுக்காக மிராசுதாரிடம் வாங்கிய கடனே பல குடும்பங்களைப் பண்ணையோடு கட்டிப்போட்டது. பண்ணையாட்களை நினைத்தபடி வெளியேற்றுவதைத் தடுக்க 1952இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. அந்தக் கல்யாணங்களை யார் படமெடுத்திருப்பார்கள்? நம்மில் பலருடைய வீட்டில் தாத்தா பாட்டியின் திருமணப் படம் கிடையாது. இருப்பதெல்லாம் ரேஷன் அட்டைக்கும் வாக்காளர் அட்டைக்கும் எடுத்தவை. அரசு கேட்டபோதுதான் அவர்கள் முகம் பதிவானது. அதனால் வயலில் உழைத்த பெரியவர்கள் மண்டபத்தின் முன்வரிசை நாற்காலியில் அமர்ந்திருக்கும் படம் வேண்டும். எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடும் படம் வேண்டும். ஊர்வலம் பொதுத்தெரு வழியே போனால் தெருவின் அடையாளம் தெரிய எடுங்கள். பறையிசைத்தவர்களை எடுத்து, அவர்கள் பெயரையும் எழுதி வையுங்கள்.

அடுத்தது சட்டம் சார்ந்த படங்கள். அண்ணா ஆட்சியில் நிறைவேறி 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் அறிவிக்கலாம், மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று போதும், புரோகிதர் தேவையில்லை. இத்தகைய திருமணத்தைப் பலரறியப் பகிரங்கமாக நடத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது.

ஆகவே கூட்டத்தைக் காட்டும் படத்தைவிடச் சாட்சிகளைக் காட்டும் படமே முக்கியம். மாலை மாற்றும்போது மணமக்களின் முகத்தோடு சாட்சிகளின் முகமும் ஒரே சட்டத்துக்குள் வரட்டும். உறுதிமொழி சொல்வதைக் குரலோடு, வெட்டாமல், வீடியோ எடுங்கள். இருவரும் தம் வயதையும் சொந்த விருப்பத்தையும் சொல்லும் ஒரு நிமிடப் பதிவும் இருக்கட்டும். இவை பதிவுச் சான்றிதழுக்கு மாற்றல்ல. தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும்.

யாருக்கு அனுப்புவது என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கடுமையானது. 2023 டிசம்பர் 31 அன்று, தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த இருவர் திருப்பூர் பகுதியில் சாதி கடந்து மணம் செய்துகொண்டார்கள். அந்தக் காட்சி அலைபேசிகளில் பரவி ஊர் வந்து சேர்ந்தது. பெண்ணின் குடும்பத்தார் தேடிப் போனார்கள். பல்லடம் போலீசார் பெண்ணைத் தந்தையுடன் அனுப்பிவைத்தனர். அடுத்த சில மணி நேரத்தில் அவர் சொந்த ஊரில் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார் என்பது வழக்கு. பெற்றோர் கைதானார்கள், காவல் ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மணமகனுக்கு 19 வயதுதான், சட்டம் சொல்லும் 21 நிரம்பவில்லை. ஆனால் பெண்ணும் 19 வயது நிரம்பியவர். யாரோடு போவது என்று முடிவெடுக்கும் உரிமை அவருக்கு மட்டுமே இருந்தது. இத்தகைய இணையர்களுக்குப் பாதுகாப்பு தர வேண்டும் என்று 2018இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது.

வீடியோ பரவியதால்தான் கொலை என்று பழியைப் படத்தின் மேல் போடுவது அயோக்கியத்தனம். கொன்றது சாதி, கைவிட்டது காவல்துறை. ஆனாலும் அதுவரை நம் கையில் இருப்பது முன்னெச்சரிக்கைதான். "அப்படியானால் ஒளிந்து வாழச் சொல்கிறீர்களா?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். இல்லை. நேரத்தை மணமக்கள் முடிவு செய்யட்டும் என்கிறோம். பதிவு முடிந்து, பாதுகாப்பு மனுவின் ஒப்புகை கைக்கு வரும்வரை ஸ்டேட்டஸ் வேண்டாம். வீடியோவின் ஒரு படி வழக்கறிஞரிடமும் இன்னொன்று நம்பிக்கையான தோழர் ஒருவரிடமும் இருக்கட்டும். படமெடுப்பவரிடமும் வந்தவர்களிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். பின்புலத்தில் தங்குமிடத்தின் பெயர்ப்பலகையோ வண்டி எண்ணோ விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நண்பர் ஒருவரின் திருமணத்துக்கு மாலை வாங்கக் கிளம்பும்போது, இந்தப் பட்டியலை மணமக்களோடு உட்கார்ந்து ஒருமுறை பேசிவிடுங்கள். கேமராவைப் பிடிக்கப்போகிறவரும் அந்தப் பேச்சில் இருக்கட்டும்.