வீணே கழியும் உஷ்ணம்

அனல் மின்சார நிலையமொன்றைத் தூரத்தினின்று காண்போர், அதன் புகைபோக்கியை நோக்கி, நிலக்கரியின் விரயம் அங்கேதான் நிகழ்கின்றதென எண்ணுவர். உண்மை அவ்வாறன்று. எரிக்கப்படும் நிலக்கரியின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே மின்சாரமாகின்றது. எஞ்சியதிற் பெரும்பாகம், சுழலியைச் சுழற்றிவிட்டு வெளிவரும் நீராவியை மீண்டும் நீராகக் குளிர்விக்குமிடத்தில் நம்மை விட்டகன்று, கடலையோ ஆற்றையோ வானவெளியையோ சேர்கின்றது.

இவ்விழப்பு பொறியாளரது அசிரத்தையால் நேர்வதன்று. பெற்ற வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்றுதல் எவ்வியந்திரத்துக்கும் இயலாதென்னும் கொள்கைக்குப் பிரெஞ்சு அறிஞர் கார்னோ 1824-ஆம் ஆண்டிலேயே அடிகோலினார். ஆயின், மின்சாரமாக இயலாத வெப்பம் வேறெதற்கும் உதவாதென்று முடிவு செய்வது நமது பிழையேயாம்.

இலண்டன் மாநகரில் பாட்டர்ஸி மின்நிலையத்தின் உஷ்ணம், 1950-ஆம் ஆண்டு முதல், தேம்ஸ் நதியின் அடியே குழாய்வழிச் சென்று, அக்கரையிலுள்ள பிம்லிகோ வீடுகளுக்குக் குளிர் நீக்கிற்று. 1983-இல் அந்நிலையம் மூடப்படுங்காறும் இவ்வுதவி நடைபெற்றது. டென்மார்க் தேசத்தார் 1979-இல் வெப்ப வழங்கலுக்கெனவே சட்டம் இயற்றினர். இன்று அங்கே வீடுகளிற் பாதிக்கு மேற்பட்டவை பொதுக் குழாய்களின் வாயிலாகவே வெப்பம் பெறுகின்றன.

"அவை குளிர்நாடுகள், நம் நாட்டில் வெப்பத்தை யார் வேண்டுவர்?" என்று சிலர் வினவலாம். தக்க வினாவே. நமக்கு வேண்டுவது வெப்பமன்று, குடிநீர். காற்றழுத்தத்தைக் குறைத்த கலத்தினுள் வெதுவெதுப்பான கடல்நீரும் ஆவியாகும். அவ்வாவியைக் குளிர்வித்தால் உப்பற்ற நன்னீர் கிடைக்கும். இம்முறையைத் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார், கடலின் மேல்நீருக்கும் ஆழ்நீருக்கும் உள்ள வெப்ப வேற்றுமையைக் கொண்டு, 2005-இல் இலட்சத்தீவுகளைச் சார்ந்த கவரத்தியில் நிறுவினர். 2009-இல் வடசென்னை அனல் மின்நிலையத்தில், கழிக்கப்படும் வெந்நீரைக் கொண்டே அதனைச் செய்து காட்டினர்.

இதற்குச் செலவில்லையென்று யாம் கூறவில்லை. நீரை இறைக்கவும் காற்றை அகற்றவும் மின்சாரம் வேண்டும். கழியும் உஷ்ணம் முழுவதையும் இவ்வழியொன்றே பயன்படுத்திவிடவும் மாட்டாது. ஆயினும், கடற்கரையில் மின்நிலையம் ஓங்கி நிற்க, அண்டைக் குடியிருப்பினர் குடத்துடன் தண்ணீர் வண்டியை எதிர்நோக்கி நிற்பாராயின், அக்காட்சி நமது அறிவுக்கு அழகாமோ? புதிய நிலையம் அமைக்க உத்தரவு வேண்டுவோரிடம், எத்துணை மின்சாரம் உண்டாக்குவீர் என்று கேட்பதோடு, கழியும் உஷ்ணத்தை என் செய்வீர் என்றும் அரசினர் கேட்டல் வேண்டும். விடை எழுத்தில் பெற்ற பின்னரே உத்தரவளித்தல் தகும்.

ஐயாயிரவர் உண்டு திருப்தியடைந்த பின்னரும், எஞ்சிய துணிக்கைகளைச் சேர்க்கும்படி நம் ஆண்டவர் பணித்தனர். வேண்டுமளவும் அப்பத்தைப் பெருக்க வல்லவரே மிச்சத்தைப் பேணினாரெனின், ஒருமுறை எரித்த கரியை மீளவும் பெறமாட்டாத நாம் எவ்வளவு பேணுதல் வேண்டும்!